படித்தேன் என்றால் போதுமா?

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது நம் நாட்டுப் பழமொழி. படிப்பைப் பழிக்கும் மொழி இது என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நான் அவ்வாறு கருதவில்லை. ஏட்டில் கண்டதை ஏட்டிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு எழுந்து வருகிறானே, அவனைப் பார்த்துச் சொன்ன சொல் அது. சுரைக்காய் ஏட்டில் இருப்பது குற்றமன்று. அதன் விதையை எடுத்து மண்ணில் ஊன்றாததே குற்றம்!

நூலை எடுக்கிறோம்; படிக்கிறோம்; மூடுகிறோம்; அடுக்கில் வைக்கிறோம். ஆறு திங்கள் சென்றபின் நண்பர் ஒருவர், "அந்த நூல் எப்படி?" என்று கேட்கிறார். "அடடா, அருமையான நூல்!" என்கிறோம். என்ன அருமை? எந்த இடம் அருமை? ஆசிரியர் சொன்னதில் எதை ஏற்றீர், எதை மறுத்தீர்? விடை வருவதில்லை. விழி மேய்ந்தது, நெஞ்சு மேயவில்லை.

நாஞ்சில் நாட்டு உழவரைக் கேட்டுப் பாருங்கள். கன்னிப்பூவில் எந்த வயல் எத்தனை கோட்டை நெல் தந்தது, கும்பப்பூவில் எந்த விதை ஏமாற்றியது என்று பத்தாண்டுக் கணக்கை மளமளவென்று ஒப்பிப்பார். காசு பணத்துக்குக் கணக்கு உண்டு. களத்து நெல்லுக்குக் கணக்கு உண்டு. கண்ணையும் காலத்தையும் செலவிட்டுப் பெற்ற கருத்துக்கு மட்டும் கணக்கு இல்லை! இது முறையா?

"படிப்பது என் சொந்தச் செயல். அதற்கு நான் யாருக்குக் கணக்குக் காட்ட வேண்டும்?" என்று கேட்போர் உண்டு. நல்ல கேள்வி. படித்த நூலுக்குக் கணக்கு வைக்கவும், அதைப் பற்றிய கருத்தைப் பிறர்முன் வைக்கவும் ஒருவருக்குக் கடமை உண்டா? உண்டு என்பதே என் முடிவு. முதற்கடமை தனக்கு. இரண்டாவது, தன்னோடு வாழ்வோர்க்கு. இக்கடமையை நிறைவேற்றப் பெருஞ்செல்வம் தேவையில்லை; ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பேனாவும் போதும்.

லாகூர் மத்தியச் சிறைக்குச் செல்வோம். 1929-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள். இருபத்திரண்டு வயது நிறையாத இளைஞன் ஒருவனுக்குச் சிறை அதிகாரிகள் எழுதாத குறிப்பேடு ஒன்றைத் தருகிறார்கள். அவன்தான் பகத்சிங். தூக்குக் கயிறு காத்திருக்கக்கூடும் என்று தெரிந்த நிலையில் அந்த ஏட்டில் அவன் என்ன எழுதினான்? அழுதானா? ஆண்டவனுக்கு விண்ணப்பம் போட்டானா? இல்லை. தாமஸ் பெயின், மார்க்ஸ், எங்கெல்ஸ், அப்டன் சின்க்ளேர், ஜாக் லண்டன், தாகூர், உமர் கய்யாம் என்று தான் படித்தவற்றிலிருந்து நெஞ்சைத் தொட்ட பகுதிகளையெல்லாம் படியெடுத்து வைத்தான். நாளை இல்லாமல் போகலாம் என்று அறிந்தவன், இன்று படித்ததைக் குறித்துவைத்தான்!

அந்த ஏட்டில் பெரும்பகுதி பிறர் எழுத்து. அவனது சொந்தச் சொற்கள் குறைவு. ஆனால், நெல் குதிரில் கிடந்துதான் பிறகு உலைக்கு வருகிறது. 1930 அக்டோபரில் அதே சிறையில் பகத்சிங் ஒரு கட்டுரை எழுதினான். அவன் கடவுளை மறுப்பதற்குத் தற்பெருமையே காரணம் என்று குற்றம் சாட்டியவர்களுக்கு விடையாக எழுந்தது அது. தான் எந்த எந்த நூலைப் படித்தேன், எதனால் எண்ணம் மாறியது, எந்த நூல் தன்னை நிறைவு செய்யவில்லை என்பதையெல்லாம் அதில் வரிசைப்படுத்துகிறான். நிர்லம்ப சுவாமி என்பவர் எழுதிய நாத்திக நூல் ஒன்றையும் குறிப்பிடுகிறான். தன் பக்கத்து நூலாயிற்றே என்று தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. அது மறைபொருள் பூசிய நாத்திகமே என்று தள்ளிவிடுகிறான். தான் மதித்த புரட்சித் தலைவர்களின் கடவுள் பற்றையும் பெயர் சொல்லியே விவாதிக்கிறான். படித்ததற்குக் கணக்கு வைத்திருந்தவனால்தான் இப்படிக் கணக்குத் தீர்க்க முடிந்தது.

1931 மார்ச் 23-இல் அவனைத் தூக்கிலிட்டார்கள். கட்டுரையைத் தூக்கிலிட முடியவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் லாகூர் இதழ் ஒன்றில் அது வெளியாயிற்று. அங்கிருந்து அது எங்கே வந்தது தெரியுமா? நம் நாஞ்சில் நாட்டுப் பூதப்பாண்டியில் பிறந்த ஜீவானந்தத்தின் கைக்கு வந்தது! பகத்சிங் பிறந்த அதே 1907-இல் பிறந்தவர் ஜீவா. "நான் நாத்திகன் ஏன்?" என்ற பெயரில் அவர் அதைத் தமிழாக்கினார், ஈரோட்டிலிருந்து அது நூலாக வெளிவந்தது. மொழிபெயர்த்த ஜீவாவையும், வெளியிட்ட ஈ.வெ.கிருஷ்ணசாமியையும் அன்றைய வெள்ளை அரசு கைது செய்தது.

எண்ணிப் பாருங்கள். ஒருவன் படித்தான், குறித்தான், தன் கருத்தைத் தன் பெயரிட்டு எழுதினான். இரண்டாயிரம் கல் தொலைவுக்கு அப்பால் பிறந்த மற்றொருவர் அதைப் படித்தார். தான் படித்ததைத் தமிழரோடு பகிர்ந்துகொண்டார். படிப்பது சொந்தச் செயல் என்று இருவரும் வாளாவிருந்திருந்தால், இன்று தமிழ் இளைஞன் கையில் அந்த ஏடு இருக்குமா?

இன்னொருவரைப் பாருங்கள். சார்லஸ் டார்வின் 1838 முதல் 1860 வரை தான் படித்த நூல்களின் பட்டியலை ஏடு போட்டு எழுதி வந்தவர். அவர் கைக்கொண்ட விதி ஒன்று நமக்கெல்லாம் பாடம். தன் முடிவுக்கு மாறான செய்தியோ கருத்தோ கண்ணில் பட்டால், அதை அந்தக் கணமே குறித்து வைத்துவிடுவார். ஏன்? நமக்குச் சாதகமானது நினைவில் தங்கும். பாதகமானது நழுவி ஓடும். மனத்தின் இந்தக் கள்ளத்தனத்தை அவர் அறிந்திருந்தார். ஆகவேதான் உயிரினங்களின் தோற்றம் பற்றிய அவரது நூல் 1859-இல் வெளிவந்தபோது, எழுந்த எதிர்ப்புகளில் பெரும்பாலானவற்றை அவர் முன்னரே எண்ணிப் பார்த்திருந்தார்.

குறிப்பேட்டின் அறம் இங்கேதான் இருக்கிறது. நினைவு நமக்கு வழக்குரைஞன், நமக்காகவே வாதாடும். குறிப்பேடோ சாட்சி, உள்ளதைச் சொல்லும். "நான் அன்றைக்கே சொன்னேனே!" என்று மார்தட்டும்போது, "இல்லை ஐயா, அன்று நீர் சொன்னது வேறு" என்று தேதியோடு எடுத்துக் காட்டும். தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளாமல் இருப்பதே பகுத்தறிவின் முதற்படி என்றால், அப்படியில் ஏறக் கைத்தடி இந்தக் குறிப்பேடு.

சிலருக்கு இது கசக்கலாம். ஆயினும் சொல்லித்தான் ஆகவேண்டும். படிக்காமலே பாராட்டுவதும், படிக்காமலே பழிப்பதும் பழைமைவாதிகளுக்கு மட்டும் உரிய நோயன்று. குமரி முனையில் வள்ளுவர்க்கு 133 அடி உயரச் சிலை 2000-ஆம் ஆண்டு முதல் நிற்கிறது. சிலையின் உயரத்தை அளந்து சொல்வோர் ஆயிரம் பேர். அதிகாரத்தின் ஆழத்தை அளந்து பார்த்தோர் எத்தனை பேர்? பெரியார் பெயரைச் சொல்லிச் சூளுரைக்கும் தோழர்களில் அவர் எழுத்தை முழுதாக ஒரு தொகுதி படித்தோர் எத்தனை பேர்? தான் சொல்வதால் நம்ப வேண்டாம், உங்கள் அறிவைக் கொண்டு ஆராயுங்கள் என்று மேடைதோறும் கூறியவர் அவர். அவர் சொன்னதைப் படிக்காமலும், படித்தபின் ஆராயாமலும் ஒப்பிப்பவன் யார்? பக்தன்! வழிபடும் உருவம் மாறியிருக்கிறது, வழிபாடு மாறவில்லை.

"எழுதி வைத்தால் நினைவாற்றல் மழுங்கும்" என்று ஒரு மறுப்பு எழலாம். அது கிரேக்க நாட்டுச் சாக்ரட்டீஸ் காலத்து மறுப்பு. ஆனால், அவர் அவ்வாறு சொன்னதாக நாம் அறிவது எப்படி? பிளேட்டோ எழுதி வைத்ததால்தானே! "எத்தனை நூல் படித்தேன் பார் என்று பீற்றிக்கொள்ள அல்லவா இது பயன்படும்?" என்று இன்னொரு மறுப்பு வரலாம். இதில் உண்மை உண்டு. ஆண்டுக்கு நூறு நூல் என்று எண்ணிக்கையைச் சுமப்பவன், கூலிக்கு மூட்டை சுமப்பவனைவிடக் கீழானவன்; கூலியாவது அவனுக்கு இல்லை. நான் வேண்டுவது எண்ணிக்கை ஏடு அன்று, எண்ண ஏடு.

சரி, எழுதிவிட்டோம். அதைப் பிறர்முன் வைக்கவும் வேண்டுமா? வேண்டும். கருத்து என்பது தனியறையில் இருக்கும்வரை எல்லாப் போரிலும் வெல்லும். எதிரி இல்லாத களத்தில் எவனும் வீரனே. ஒரு காலத்தில் நம் ஊர்களில் தேநீர்க் கடையும் முடிதிருத்தும் நிலையமும் படிப்பகமாக விளங்கின. ஒருவர் உரக்கப் படிப்பார். எழுத்தறியாத பத்துப் பேர் சூழ்ந்து கேட்பர். படித்து முடித்ததும் விவாதம் பறக்கும். எழுத்தறிந்தவனின் கருத்தை எழுத்தறியாதவன் மடக்கிய காட்சிகள் அங்கே நடந்தன. அறிவு சிலருடைய காணியாட்சி அன்று, ஊர்ப் பொதுக்குளம் என்று காட்டிய இடங்கள் அவை.

ஆனால் இந்தக் கடமையைப் பேசும்போது ஒன்றை மறந்துவிடக் கூடாது. டார்வின் நூல் வெளிவந்த அதே 1859-இல்தான், நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று திருவிதாங்கூர் அரசு ஆணையிட்டது. அதுவும் உயர்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற தடையோடு! பல பத்தாண்டுப் போராட்டத்துக்குப் பின் கிடைத்த அரைகுறை உரிமை அது. தன் தோளை மூடுவதற்கே ஒரு பெண் அரசாணைக்குக் காத்திருந்த மண் இது. அவளுக்கு ஒரு கருத்து உண்டா என்று அன்று கேட்டவர் யார்? இந்த வரலாற்றை நினைவில் வைத்துக்கொண்டுதான் "உன் கருத்தைச் சொல்" என்று இன்று ஒரு பெண்ணிடம் நாம் கேட்கவேண்டும்.

நான் பணியாற்றும் பள்ளியில் வகுப்புக்கென ஒரு சிறு நூலக அலமாரி உண்டு. அதன் அருகில் ஒரு நோட்டுப் புத்தகம். நூலைத் திருப்பித் தருவோர் நாளிட்டு நான்கு வரி எழுதவேண்டும். தொடக்கத்தில் எல்லாரும் "மிக நன்று" என்றே எழுதினர். பின்னட்டையில் இருந்ததைப் படியெடுத்தவரும் உண்டு. நான் ஒரே கேள்வி கேட்டேன்: "எந்தப் பக்கம்?" நன்று என்றால் எந்தப் பக்கம் நன்று? பிடிக்கவில்லை என்றால் எந்தப் பக்கம் பிடிக்கவில்லை? அந்தக் கேள்விக்குப் பின் பிள்ளைகளின் எழுத்தில் உயிர் வரத் தொடங்கியது.

ஒரு நாள் ஒரு பதிவு கண்டேன். பொறுமையே உருவான ஒரு பெண்ணைப் போற்றிப் புகழும் கதை பற்றியது. "இவ்வளவு கொடுமை செய்தபோதும் அவள் ஏன் வாய் திறக்கவில்லை? திறந்திருந்தால் கதை எழுதியவர் அவளைப் புகழ்ந்திருப்பாரா?" என்று பக்க எண்ணோடு எழுதியிருந்தது. பெயர் மட்டும் இல்லை. எழுதிய மாணவி பிறகு தானே வந்து சொன்னாள்: "யாராவது வீட்டுல போய்ச் சொல்லிட்டா ஏசுவாவ, சார்."

அவளிடம் நான் என்ன சொல்வது? "அஞ்சாதே, பெயரை எழுது" என்று வீரவுரை ஆற்றலாம். உரை என்னுடையது, ஏச்சு அவளுடையது. பிறர் முதுகில் அடி விழ, நாம் பெற்றுக்கொள்ளும் துணிவுப் பட்டம் துணிவாகுமா? பெயரிடும்படி நான் சொல்லவில்லை. ஏட்டில் எழுதியது அவள் சொத்து. அதை எப்போது, யாரிடம், எந்தப் பெயரில் காட்டுவது என்பதும் அவள் உரிமை. அடுத்த வாரம் அந்தப் பதிவின் கீழே மூவர் எழுதினர். இருவர் ஏற்றனர், ஒருவன் பக்க எண் காட்டி மறுத்தான். அவளும் அதற்கு விடை எழுதினாள், மீண்டும் பெயரில்லாமல். அந்த இடம் இன்றும் வெறுமையாகவே இருக்கிறது. அந்த வெறுமை அவள் குறையன்று. ஒரு பெண் தன் கருத்தின் கீழே தன் பெயரை எழுத அஞ்சும்படி வைத்திருக்கும் சமுதாயத்தின் குறை.

ஆகவே கடமை எல்லார்க்கும் ஒரே எடை அன்று. பேசினால் இழப்பு உள்ளவர்க்கு மௌனம் தற்காப்பு. இழப்பு ஏதும் இல்லாதவர்க்கு மௌனம் சோம்பல். மேடை கிடைத்தவர்கள், சம்பளம் வாங்குபவர்கள், வீட்டில் கேள்வி கேட்க ஆளில்லாத ஆண்பிள்ளைகள் ஆகிய நாம்தான் முதலில் பெயரிட்டு எழுதவேண்டும். அடுத்தவர் அஞ்சாமல் எழுதும் இடத்தை அமைப்பதும் நம் கடமைதான். மாற்றுக் கருத்தைக் கேட்டவுடன் சீறிப் பாய்பவன் எத்தனை நூல் படித்தும் பயனில்லை. அவன் முன்னால் பேச அஞ்சி ஒருவர் வாய் மூடினால், அவனும் ஒரு தணிக்கை அதிகாரியே!

தோழர்களே! இன்றே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். நூலின் பெயரும், படித்து முடித்த நாளும் எழுதுங்கள். ஆசிரியர் சொல்வதை, அவரே ஒப்புக்கொள்ளும்படி, இரண்டு வரியில் எழுதுங்கள். எதிரியின் நூலாயினும் இதில் நேர்மை வேண்டும். எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள் என்று பக்க எண்ணோடு எழுதுங்கள். உங்கள் கொள்கையைக் குத்தும் வரி எதுவோ, அதை முதலில் எழுதுங்கள். முடிக்காத நூலை முடிக்கவில்லை என்றே எழுதுங்கள். திங்களுக்கு ஒரு நாள் நான்கு பேர் கூடி அவரவர் ஏட்டைப் படியுங்கள், மறுப்போரைப் பேசவிடுங்கள். கருத்து மாறினால் பழையதை அழிக்காதீர்கள். அதன் கீழே புதியதை, நாளிட்டு எழுதுங்கள். மாறிய கருத்து மானக்கேடு அன்று. மாறாத அறியாமையே மானக்கேடு.

படிக்கும் உரிமையைப் பெற நம் பாட்டன்மார் பட்ட பாடு கொஞ்சமன்று. அவர்கள் பெற்றுத் தந்தது கண் திறக்கும் உரிமை. வாய் திறக்கும் உரிமையை நாம் பயன்படுத்தவேண்டும். படித்தேன் என்றால் போதாது. என்ன கண்டேன் என்று எழுதுங்கள். எழுதினேன் என்றால் போதாது. எழுதியதை எதிர்த்துப் பேச ஒருவரை அழையுங்கள்!