திறப்பை யாரிடம் கொடுப்பது

தங்கச்சி ரொறன்ரோவிலிருந்து கோல் எடுத்துக் கப்பல் பயணத்தைப் பற்றிச் சொன்னபோது எனக்குக் கடல் நினைவுக்கு வரவில்லை. வீட்டுத் திறப்பை யாரிடம் கொடுத்துவிட்டுப் போவது என்றுதான் யோசித்தேன்.

2023 ஜூலை. சென்னையில் வெளிக்கிட்டு, அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை மூன்றையும் தொட்டு, ஐந்து இரவுகளில் சென்னைக்கே திரும்பும் ‘எம்பிரஸ்’ கப்பல். ஜூன் 16ஆம் திகதிதான் அது முதன்முறையாகக் காங்கேசன்துறைக்கு வந்திருந்தது. எங்கள் மாங்குளம் சந்தித் தேத்தண்ணிக் கடையில்கூட அந்தக் கதை நடந்தது. தங்கச்சியும் மனுசனும் சென்னைக்கு வருவார்கள். நான் பலாலியிலிருந்து விமானத்தில் போய்ச் சேர வேண்டும். “சூட் எடுத்திருக்கிறன் அக்கா. பல்கனியும் இருக்கு. நீங்கள் படுத்துக்கொண்டே கடலைப் பாக்கலாம்” என்றாள்.

வன்னியில் என் வயதுக்காரர் யாரிடமாவது, வீட்டைவிட்டு எத்தனை முறை வெளிக்கிட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு இடப்பெயர்வாக விரல் மடித்து எண்ணுவார்கள். ஊர் பார்க்கப் போனது எத்தனை முறை என்று கேட்டால் முறிகண்டிக்கும் மடுவுக்கும் போய்வந்ததைச் சொல்வார்கள். எங்களுக்குப் பை கட்டத் தெரியும். அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், காணி உறுதி, அரிசி, ஒரு பானை, தறப்பாள். இருட்டிலும் கை தானாக எடுத்து வைக்கும். திரும்பி வரப்போகும் வீட்டிலிருந்து, ஐந்து நாளுக்கு வேண்டிய உடுப்பை மட்டும் எடுத்து வைப்பது எப்படி என்பதைத்தான் நான் அறுபது வயதுக்கு மேல் படிக்க வேண்டியிருந்தது.

2008 நவம்பர் நடுப்பகுதியில் மாங்குளம் இராணுவத்தின் கைக்குப் போனது. நாங்கள் அதற்கு முன்னரே வெளிக்கிட்டுவிட்டோம். அப்போது வீட்டைப் பூட்டிவிட்டு வரவில்லை, கழற்றிக்கொண்டு வந்தோம். ஓடு, யன்னல், கதவு எல்லாம் லாண்ட்மாஸ்டர் பெட்டியில் ஏறின. போகிற இடத்தில் ஒரு கொட்டில் போடவாவது உதவும் என்ற எண்ணம். விசுவமடுவில் அந்த முன்கதவு பங்கருக்கு மூடியாகி, மேலே மண்மூட்டைகளைத் தாங்கியது. பிறகு அதையும் விட்டுவிட்டு நடந்தோம். கதவின் திறப்பை மட்டும் அம்மா சீலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தா.

நான் முதன்முதலில் கப்பலில் ஏறியது 2009 பெப்ரவரியில், புதுமாத்தளனிலிருந்து. அம்மாவுக்குக் காலில் காயம். காயக்காரரைச் சின்ன வள்ளங்களில் ஏற்றி, ஆழத்தில் நின்ற ‘கிறீன் ஓசன்’ கப்பலுக்குக் கொண்டுபோனார்கள். செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு அமர்த்திய கப்பல் அது. அந்தப் பெப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் அந்தக் கடல்வழியால் காயப்பட்டோரும் நோயாளரும் கூடப்போனவர்களுமாக 13,000 பேருக்கு மேல் எடுத்துச் செல்லப்பட்டார்கள். தளத்தில் படுத்திருந்தவர்களுக்கு இடையில் கால் வைக்க இடமில்லை. நான் அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கரையைப் பார்த்தபடி இருந்தேன். திருகோணமலை ஆசுபத்திரியில் அம்மாவின் சீலையை வெட்டி அகற்றிய தாதி, தலைப்பு முடிச்சை அவிழ்த்துத் திறப்பை என் கையில் வைத்தா. எதற்கான திறப்பு என்று அவ கேட்கவில்லை.

இதையெல்லாம் தெரிந்த தங்கச்சி என்னை இன்னொரு கப்பலுக்குக் கூப்பிட்டபோது எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது உண்மை. அந்தக் கடலில் போய்ச் சொகுசு அறையில் படுப்பதா? எவ்வளவு பேர் அந்தக் கரையிலேயே கிடக்கிறார்கள்? ஒருவரும் என்னிடம் இப்படிக் கேட்கவில்லை, நானே என்னைக் கேட்டேன். இரண்டு நாள் பதில் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் அவளே எடுத்தாள். ரொறன்ரோவில் ஒரு ஹோட்டலில் பத்தொன்பது வருடம் அறை துப்புரவு செய்தவள் அவள். ஒரு நாளைக்குப் பதினைந்து, பதினாறு கட்டில். ஊருக்கு வந்ததெல்லாம் செத்தவீட்டுக்கும் கலியாணத்துக்கும்தான். “எனக்கும் ஒராள் கட்டில் விரிச்சுத் தரட்டும் அக்கா. ஒருக்கா எண்டாலும். நீங்களும் பக்கத்தில இருக்கவேணும்” என்றாள். சூட் என்ற சொல்லை நான் பணத்திமிராகக் கேட்டிருந்தேன். மற்றவர்களின் தலையணைகளைப் பத்தொன்பது வருடம் தட்டி வைத்த ஒருத்தியின் முதுகுவலி அந்தச் சொல்லுக்குள் இருந்ததை அப்போதுதான் அறிந்தேன். வருத்தம் கண்டவர்கள் சுகத்தைத் தொடக்கூடாது என்று ஒரு சட்டத்தை எனக்குள் எழுதி வைத்திருந்தேன் போலும். அதை எழுதச் சொன்னது செத்தவர்கள் அல்லர். அம்மா இருந்திருந்தால் “போட்டு வா” என்றுதான் சொல்லியிருப்பா.

திறப்பைப் பக்கத்து வளவுப் பிள்ளையிடம் கொடுத்தேன். இப்போது இருப்பது இந்திய வீட்டுத் திட்டத்தில், தவணை தவணையாக வந்த 550,000 ரூபாவோடு கைக்காசும் போட்டுக் கட்டிய வீடு. “பூங்கண்டுக்குத் தண்ணி விடு. பின்னேரம் கோழியை அடைச்சு விடு” என்றேன். “ஓம் ரீச்சர், நீங்கள் யோசியாமல் போட்டு வாங்கோ” என்றாள். படலையைச் சாத்திவிட்டு ஏ9 வீதிக்கு வரும்வரை நான்கு முறை திரும்பிப் பார்த்தேன். வீடு கதவோடும் கூரையோடும் அங்கேயே நின்றது.

சென்னைத் துறைமுகத்தில் கப்பலைக் கண்டபோது கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன். 1990இல் ஓடத் தொடங்கிய கப்பல், அப்போது வேறு பெயரில் மியாமியிலிருந்து பகாமாஸ் தீவுகளுக்கு ஆட்களை ஏற்றிப் போனதாம். அதே 1990 நவம்பரில்தான் மாங்குளம் முகாம் சண்டை நடந்தது. எங்கள் ஊர் பற்றி எரிந்த கிழமையிலும் இந்தத் தளத்தில் நின்று யாரோ கடலைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். அவர்கள்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்கள் நின்ற இடத்தில் இப்போது நான் நின்றேன்.

அறைக்குத் திறப்பு இல்லை, ஒரு அட்டை தந்தார்கள். உள்ளே வெள்ளை விரிப்பு ஒரு மடிப்பில்லாமல் இழுத்து விரித்திருந்தது. தங்கச்சி கட்டிலின் மூலையைத் தூக்கி விரிப்பு மடித்திருந்த விதத்தைப் பார்த்தாள். “நல்லாச் செய்திருக்கிறாங்கள்” என்றாள். பிறகு சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குறுக்கே விழுந்து படுத்தாள். கன நேரம் எழும்பவில்லை.

கப்பல் வெளிக்கிட முதல் எல்லோரையும் கூப்பிட்டு, ஆபத்து வந்தால் எங்கே கூடவேண்டும், உயிர்காப்பு அங்கியை எப்படிக் கட்டவேண்டும் என்று காட்டினார்கள். பலர் போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் ஒவ்வொரு சொல்லையும் கேட்டேன். அங்கியின் பட்டியை எனக்குக் கட்டிப் பார்த்து, அவிழ்த்து, தங்கச்சிக்கும் கட்டிப் பார்த்தேன். புதுமாத்தளன் கரையில் வள்ளத்தில் ஏறிய எங்களில் ஒருவருக்கும் அது இருக்கவில்லை.

திருகோணமலையில் எல்லோரோடும் கோணேசர் கோயிலுக்குப் போனேன். பாறை உச்சியில் நின்றபோது மற்றவர்கள் படம் எடுத்தார்கள். நான் வடக்கே பார்த்தேன். அன்றிரவு கப்பல் அந்தப் பக்கமாகத்தான் போகும், 2009இல் நான் வந்த வழியில், எதிர்த்திசையில். எங்கள் பல்கனி கரைப் பக்கமாக இருந்தது. முழித்திருந்து பார்ப்பதென்று நானும் தங்கச்சியும் கதிரை போட்டு இருந்தோம். சோளகம் வீசியது. கரை தெரியவில்லை. தூரத்தில் மீன்பிடி வள்ளங்களின் வெளிச்சம் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அம்மாவைப் பற்றிக் கேட்டாள், நான் சொன்னேன். அவள் முன்னர் கேளாத கேள்விகளைக் கேட்டாள், நான் முன்னர் சொல்லாதவற்றைச் சொன்னேன். சாமத்துக்குப் பிறகு உள்ளே போய்ச் சும்மா முதுகைச் சாய்த்தவள்தான், அப்படியே நித்திரையாகிவிட்டேன்.

முல்லைத்தீவை எத்தனை மணிக்குக் கடந்தோம் என்று எனக்குத் தெரியாது. விடிய எழும்பியபோது முதலில் வெட்கமாக இருந்தது. எப்படி நித்திரை வந்தது? முகம் கழுவிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தேன். அந்தக் கடலில், அந்தக் கரைக்கு முன்னால், பயமில்லாமல் ஒரு இரவு படுத்து எழும்பியிருக்கிறேன். அம்மாவுக்குக் கிடைக்காதது அதுதான்.

காங்கேசன்துறை கிட்ட வந்ததும் போனில் சிக்னல் வந்தது. பக்கத்து வளவுப் பிள்ளை எடுத்தாள்.

“ரீச்சர், உங்கட செங்கோழி அடைக்கு நிக்குது. முட்டை வைக்கட்டே?”

“எத்தினை கிடக்கு?”

“ஒன்பது.”

“வை” என்றேன். “இருபத்தொரு நாளில பொரிக்கும். நான் அதுக்கு முந்தியே வந்திடுவன்.”