பழக்கமும் உரிமையும்

பிறர் ஆக்கிய கருவி ஒன்றிற் பழகிவிட்டதனால், அதன் வடிவத்தின்மீது நமக்கு உரிமை பிறக்கின்றதா? 2014 ஏப்ரல் 29இல் பயர்பொக்ஸ் இணைய உலாவியின் 29ஆம் பதிப்பை மொசில்லா வெளியிட்டபோது எழுந்த வினா இதுவே. தாவல்கள் வளைவுற்றன, கட்டளைப் பட்டியலைத் திறக்கும் பொத்தான் வலப்புறத்தில் அமைந்தது, அடியிலிருந்த நீட்சிப் பட்டை நீக்கப்பட்டது. பயனர் பலர் சினந்தனர். பழைய தோற்றத்தை மீட்டுத்தரும் நீட்சியொன்றைச் சிலர் நாடினர். 2017 நவம்பரில் வந்த 57ஆம் பதிப்பு அவ்வகை நீட்சிகளையும் செயலிழக்கச் செய்தது.

விலையின்றிப் பெற்றவன் முறையிடலாமா எனச் சிலர் வினவுவர். அவன் பணம் கொடாவிடினும் ஆண்டுக்கணக்கான பயிற்சியைக் கொடுத்துள்ளான். கை தானே அறிந்த இடத்தைக் கண்ணால் மீண்டும் தேடுவது இளையோர்க்குச் சிறு தொல்லை. பார்வை குன்றிய முதியோர்க்கு அது சிறிதன்று.

எனினும், பழக்கமே தடையாணையாகிவிடின் எக்கருவியும் திருந்தாது. புதிதாய் வருவோர்க்கும் வழி அடைபடும். ஆகவே பழக்கம் தருவது மாற்றத்தைத் தடுக்கும் உரிமையன்று. முன்னறிவித்தலையும் காரணத்தையும் கால அவகாசத்தையும் கேட்கும் உரிமையேயாம். அதனை மறுப்பவன், இலவசமாக ஈந்தவனாயினும், கடமையில் தவறியவனே.