களரியும் தீட்டும்

வடக்கு மலபாரின் மரபுவழிக் களரி, கோயிலுக்குரிய ஆசாரங்களோடு நடத்தப்படும் போர்க்கலைப் பயிற்சிக்கூடம். தரைமட்டத்துக்குக் கீழே 42 அடி நீளம், 21 அடி அகலத்தில் வெட்டி அமைக்கப்படும் அதன் தென்மேற்கு மூலையில் ஏழு படிகள் கொண்ட பூத்தறை என்னும் வழிபாட்டு மேடை இருக்கும். வலது காலை முதலில் வைத்து இறங்கி, தரையைத் தொட்டு நெற்றியில் ஒற்றி, பூத்தறையை வணங்கிய பிறகே பயிற்சி தொடங்கும். பல களரிகளில் அங்கே குடியிருப்பவள் பகவதி.

பெண்ணைத் தெய்வமாக வைத்த அதே இடத்தில், பயில வந்த சிறுமிகள் பூப்பெய்தியதும் நிறுத்தப்பட்டார்கள். சொல்லப்பட்ட காரணம் தீட்டு. தீட்டின் கணக்கையே ஏற்றுக்கொண்டாலும் இது பொருந்தவில்லை. செங்கன்னூர் மகாதேவர் கோயிலில் பகவதிக்கே மாதவிலக்கு உண்டென்பது நம்பிக்கை. சில நாள் நடை சாத்தப்படும். பிறகு பம்பையில் நீராடி, ஊர்வலமாகத் தேவி கோயில் திரும்புவாள். அந்த நீராட்டே திருவிழா. அவளுக்குச் சில நாள் விலக்கு, சிறுமிக்கு ஆயுள் விலக்கு என்றால் அந்த நீட்சிக்குத் தீட்டு விளக்கமாகாது. வயதுவந்த பெண்ணின் உடலைக் காவலில் வைக்கும் வழக்கமே அதை விளக்கும். ஆண்களிடையே கச்சை கட்டிப் பயில்வதும், களரி ஆசானான குருக்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலால் எண்ணெய் நீவி உழிச்சல் செய்வதும் வீட்டாருக்கு ஒவ்வாதவை. அடுத்து கல்யாணப் பேச்சு வந்துவிடும்.

இழப்பு சிறிதல்ல. மெய்த்தாரி (உடற்பயிற்சி), கோல்த்தாரி (மரக்கோல்), அங்கத்தாரி (உலோக ஆயுதம்), வெறுங்கை என்று ஆண்டுக்கணக்கில் ஏறிச் செல்லும் பயிற்சி இது. உடம்பு முழுவதும் கண்ணாக வேண்டும் என்பது அதன் இலக்கு. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் நின்றவளுக்கு அந்த நிலை எட்டாது. களரி தரும் ஆன்மிகப் பேறு பாதி வழியிலேயே மறுக்கப்படுகிறது.

வடக்கு மலபாரின் நாட்டுப்பாடல்களான வடக்கன் பாட்டுகளின் உண்ணியார்ச்சையோ, மணமான பின்னும் உருமி வாள் சுழற்றி, நாதாபுரத்தில் வழிமறித்தவர்களை எதிர்கொண்டவள். உடன்வந்த கணவன்தான் நடுங்கினான். அவளைப் போற்றிய ஊர்கள் தம் பெண்களை நிறுத்தியது வருந்தத்தக்கது.

வடகரையைச் சேர்ந்த மீனாட்சி அம்மா ஏழு வயதில் தொடங்கி, பூப்பெய்திய பின்னும் விடாமல் பயின்றார். குருவான ராகவனையே மணந்தார். அவர் மறைவுக்குப் பின் கடத்தநாடன் களரிச் சங்கத்தைத் தாமே ஏற்று நடத்தினார். 2017இல் பத்மஸ்ரீ பெற்றார். அங்கே பூத்தறை வழிபாடு கைவிடப்படவில்லை. பெண்ணே குருக்களாக இருக்கும்போது உழிச்சலைப் பற்றிய தயக்கத்துக்கும் வேலையில்லை. பெண்கள் தொடர்வதா என்பதில் எஞ்சிய முடிவு வீடுகளிடம்தான் இருக்கிறது.