மதிப்பெண்ணும் ஒரு சாட்சியமே

ஆசிரியர் சிவப்பு மையால் இடுகின்ற எண்ணுக்கு மார்க்கச் சட்ட நூல்களின் வழக்கில் என்ன பெயர் சூட்டலாம் என்று நாம் பல்லாண்டுகளாக எண்ணிப் பார்த்து வருகிறோம். அது கூலியன்று, பரிசுமன்று. தீர்ப்பு என்று சொல்லிவிடலாம். ஆயின் தீர்ப்புக்கு மேல்முறையீடு உண்டு. எட்டாம் வகுப்புப் பிள்ளையின் ஏட்டில் நாம் இட்ட எண்ணை எதிர்த்து முறையிட அப்பிள்ளைக்கு வழியுமில்லை, வாயுமில்லை. 'ஷஹாதத்' என்னும் பெயரே அதற்குப் பொருந்துமெனத் தோன்றுகிறது. "இப்பிள்ளை இவ்வளவு அறிவான்" என்று பெற்றோர் முன்னும் ஊரார் முன்னும், பிற்காலத்தில் அவனை வேலைக்கு எடுப்போர் முன்னும் நாம் சொல்லும் சாட்சியம் அது. அரபு நாடுகளில் பள்ளிச் சான்றிதழை 'ஷஹாதா' என்றே அழைக்கிறார்கள் என்பதை வாசகர் பலர் அறிந்திருப்பர்.

பொய்ச்சாட்சியம் பெரும்பாவங்களுள் ஒன்று என்பதை மக்தபில் ஓதும் சிறுவனும் அறிவான். பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் சிறிதுமின்றி, காணாத ஒன்றைக் கண்டதுபோல் எழுதிக் கையொப்பமிட்டவன் நிலை என்ன? நாம் ஒருமுறை அவ்வாறு செய்திருக்கிறோம். அதைச் சொல்லாமல் இக்கட்டுரையைத் தொடர்வது நேர்மையாகாது.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 2012-13 கல்வியாண்டில் முதல் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புவரை முப்பருவ முறை நடைமுறைக்கு வந்தது. அதனுடன் தொடர் மதிப்பீட்டு முறையும் வந்தது. ஒவ்வொரு பருவத்திலும் 60 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு. எஞ்சிய 40 வகுப்பறைச் செயல்பாடுகளுக்கும் சிறு தேர்வுகளுக்கும் என்று வகுத்தார்கள். 'வளரறி மதிப்பீடு' என்ற புதுச்சொல்லை அப்பொழுதுதான் நாம் கற்றுக்கொண்டோம். மனப்பாடம் செய்து ஒப்பிப்பதற்கு மாறாகப் பிள்ளைகள் தாமே தேடிச் சேர்த்துச் செய்து காட்டும் 'செயல்திட்டம்' என்பதும் அவ்வழியே நம் வகுப்புக்குள் வந்தது.

கருத்து புதியதன்று. அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்து ஆசிரியர் கல்லூரியில் பணியாற்றிய வில்லியம் ஹேர்ட் கில்பேட்ரிக் என்பவர் 1918-ஆம் ஆண்டிலேயே செயல்திட்ட முறை குறித்துக் கட்டுரை வரைந்தார். பிள்ளை தனக்கென ஒரு நோக்கம் கொண்டு முழுமனத்துடன் ஈடுபடும் வேலையில்தான் கல்வி நிகழ்கிறது என்பது அவர் கொள்கையின் சாரம். மொழி கற்பிப்போருக்கு இதில் வியப்பில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், யூதர்களோடு நடக்கும் கடிதப் போக்குவரத்துக்காக அவர்களுடைய எழுத்தைக் கற்குமாறு ஸைது இப்னு ஸாபித் (ரலி) அவர்களைப் பணித்தார்கள். அவ்விளைஞர் அரை மாதத்துக்குள் அதைக் கற்றுத் தேர்ந்து, வந்த கடிதங்களைப் படித்துக் காட்டவும் மறுமொழி வரையவும் செய்தார் என்று திர்மிதீ நூலில் காண்கிறோம். கையில் கடிதமும் காத்திருக்கும் வேலையும் இருந்தால் மொழி விரைவில் வந்து படிகிறது. பத்தாண்டு அரபு இலக்கணம் ஓதியும் ஒரு கடிதம் எழுதத் திணறுகிற நம்மவர்களை எண்ணும்பொழுது சற்றே வெட்கமும் உண்டாகிறது. அவ்வரிசையில் ஒரு காலத்தில் நாமும் நின்றவர்தாம்.

2013-ஆம் ஆண்டின் இரண்டாம் பருவத்தில், நம் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'நம் வீட்டு அரபுத்தமிழ்' என்று ஒரு செயல்திட்டம் கொடுத்தோம். கடற்கரையூர்ப் பிள்ளைகள். குர்ஆன் ஓதிய பழக்கத்தால் அரபு எழுத்தை வாசிப்பர், தாய்மொழி தமிழ். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கெனப் புள்ளிகள் கூட்டி அமைத்த சில எழுத்துகளைக் காட்டிவிட்டால் அரபுத்தமிழ் ஏடு அவர்களுக்குத் திறந்துகொள்ளும். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெரியோர் மார்க்க நூல்களை அவ்வெழுத்தில் யாத்தனர். பள்ளிக்கூடம் செல்லாத நம் தாய்மார் அதில்தான் படித்தனர். கொழும்புக்கும் பினாங்குக்கும் ரங்கூனுக்கும் சென்ற கணவர்க்கு அதில்தான் கடிதம் எழுதினர். வீட்டில் அப்படி ஏதேனும் இருந்தால் பெரியவர்களிடம் கேட்டு வாசித்து, தமிழ் எழுத்தில் பெயர்த்து, அதைப் பற்றி எழுதி வரவேண்டும், 10 மதிப்பெண். இறுதியில் இன்னொன்றும் சொன்னோம்: "அழகாகச் செய்து கொண்டு வாருங்கள்."

ஒரு மாணவன் சுருள்கம்பி கட்டி, வண்ணத்தில் அச்சிட்ட 24 பக்கங்களைக் கொண்டுவந்தான். அட்டையில் மினாரா, உள்ளே படங்கள், அரபுத்தமிழின் வரலாறு, எழுத்து அட்டவணை எல்லாம் இருந்தன. 10 கொடுத்தோம். இன்னொருவன் கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த நான்கு தாள்களை நீட்டினான். ஒரு மூலையில் எண்ணெய்க் கறை. எழுத்து கோணல். "ஆணம் காய்ச்சினேன், உங்களை நினைத்தேன்" என்று ஒரு வரி. 'ஆணம்' என்பதைச் சிவப்பு மையால் சுழித்து, மேலே 'குழம்பு' என்று திருத்தினோம். 5 கொடுத்தோம். எழுத்துத் தேர்வில் அவன் எப்பொழுதும் பின்தங்குபவன். எதிர்பார்த்ததைத்தான் கண்டோம் என்று நினைத்துக்கொண்டோம். உண்மையில், எதிர்பார்த்ததை மட்டுமே கண்டோம்.

அடுத்த மாதம், 2014 ஜனவரியில், ரபீஉல் அவ்வல் பிறந்தது. மவ்லிது ஓத அச்சிறுவன் வீட்டுக்குச் சென்றிருந்தோம். ஓதி முடித்த பின், கதவோரத்தில் நின்ற அவன் பாட்டியார், "ஆலிம்சா, ஒரு மாசமா இவன் என்னைத் தூங்க விடலை. இது என்ன எழுத்து, அது யாரைச் சொல்றீங்கன்னு கேட்டுக் கேட்டு எடுத்துட்டான். வாப்பா, அந்தக் காயிதத்தை ஆலிம்சாவுக்கு ஓதிக் காட்டு" என்றார். கொழும்பில் கடை வைத்திருந்த கணவருக்கு அவர் எழுதியது. அவர் திரும்பி வந்தபொழுது டிரங்குப் பெட்டியில் பத்திரமாகக் கொண்டுவந்தது. பழுப்பேறி மடிப்பில் கிழிந்த அத்தாளைப் பையன் விரித்து, தடையின்றி வாசித்தான். மை அழிந்த இடங்களில் நிறுத்தி, "இங்கே இரண்டு எழுத்து தெரியவில்லை, உம்மாவின் பெயராக இருக்கலாம் என்று பாட்டி சொல்கிறார்கள், நான் எழுதாமல் விட்டுவிட்டேன்" என்றான். சுவடிப் பதிப்பாளர் பலருக்கும் வாய்க்காத அடக்கம் அது.

'ஆணம்' வந்தது. அவன் நம்மை நிமிர்ந்து பார்க்கவில்லை. தாளைப் பார்த்தபடியே, "இது பிழையில்லை, ஆலிம்சா. நூலகத்து அகராதியில் பார்த்தேன். குழம்பு என்று பொருள் போட்டிருக்கிறது" என்றான். தமிழ் அகராதியில் இடம் பெற்று, தமிழ் முஸ்லிம்கள் வீட்டில் நாள்தோறும் வழங்கிவரும் பழஞ்சொல்லைத் தமிழாசிரியராகிய நாம் அடித்திருக்கிறோம். நம் வீட்டிலும் அன்று காலை அச்சொல் வழங்கியிருக்கும்.

மறுநாள் வண்ண ஏடு தந்த மாணவனை அழைத்து, அவன் ஏட்டிலிருந்த அரபுத்தமிழ் வரியொன்றை வாசிக்கச் சொன்னோம். அவனால் இயலவில்லை. கடைத்தெருவில் கணினி வைத்திருந்தவர் எங்கிருந்தோ எடுத்து அச்சிட்டுக் கொடுத்தது அது. கடிந்துகொள்ள வாயெடுத்தோம். அவன் கண் கலங்கி, "அழகாக இருக்கவேண்டும் என்றுதானே சொன்னீர்கள், ஆலிம்சா?" என்றான்.

முதல் மாணவனின் 5-ஐ அடித்து 9 என்று எழுதி, தலைமையாசிரியரின் ஒப்பம் பெற்றோம். இரண்டாமவனின் 10-ஐக் குறைக்கவில்லை. கேட்டதைக் கொடுத்தவனைத் தண்டிப்பது நீதியன்று என்று தோன்றியது. ஆனால் அந்த 10 இன்றும் பதிவேட்டில் நம் கையொப்பத்துடன் நிற்கிறது. குறைத்திருக்க வேண்டுமோ என்ற ஐயம் இன்றுவரை தீரவில்லை.

இதைக் கேட்ட நண்பர் ஒருவர், கணிதம் கற்பிப்பவர், "இதற்குத்தான் பொதுத் தேர்வு வேண்டும் என்கிறோம்" என்றார். அவர் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. பொதுத் தேர்வில் தாளைத் திருத்துபவர் பிள்ளையின் பெயரை அறியார். தந்தையின் செல்வத்தை அறியார். அவன் முன்னே செய்த குறும்பையும் அறியார். சீன நாட்டில் ஸொங் மன்னர் காலத்து அரசுத் தேர்வுகளில் எழுதியவன் பெயரை ஒட்டி மறைத்ததோடு, கையெழுத்தும் அடையாளம் தெரியாதிருக்க எழுத்தர்களைக் கொண்டு விடைத்தாள்களைப் படியெடுத்த பின்னரே திருத்தக் கொடுத்தனர். முகம் பார்த்து எடை போடும் மனித பலவீனத்தை அவர்கள் அறிந்திருந்தனர். நம் செயல்திட்டத்தில் வண்ண அச்சுக்குக் காசு உள்ளவன் வென்றான். மூன்று மணி நேரத் தேர்வில் அந்தக் காசு இவ்வளவு நேராகப் பேசியிராது.

ஆயின் மறைப்புக்குப் பின்னால் அமர்ந்தவர் சொல்வது மிகக் குறுகிய சாட்சியம். இன்ன நாளில் இன்ன மூன்று மணி நேரத்தில் இவ்விரல்கள் இவ்வளவு எழுதின என்பதற்கு மேல் அவர் ஒன்றும் அறியார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை தோழர்களிடம், இலை உதிராத, முஃமினுக்கு ஒப்பான மரம் எது என்று வினவினார்கள். அவையோர் காட்டு மரங்களையெல்லாம் எண்ணினர். பேரீச்ச மரம் என்பது இளையவரான இப்னு உமர் (ரலி) அவர்களின் உள்ளத்தில் தோன்றிவிட்டது. பெரியவர்கள் இருந்த அவையில் வாய் திறக்க நாணி அமர்ந்திருந்தார். மாணவரின் அறிவைச் சோதிக்க ஆசிரியர் வினா எழுப்புவது பற்றிய தலைப்பிலேயே இமாம் புகாரீ (ரஹ்) இச்செய்தியை அமைத்திருக்கிறார்கள். நம் முறைப்படி தாள் திருத்தியிருந்தால் அன்று இப்னு உமருக்குச் சுழியம். பின்னர் அவர் தம் தந்தையாரிடம் சொன்னார். நீ அதைச் சொல்லியிருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பேன் என்று உமர் (ரலி) அவர்கள் ஏங்கினார்கள். வீட்டுக்குப் போய்ச் சொல்லும்பொழுது கேட்பதற்கு ஒருவர் இருந்ததால்தான் அவ்வறிவு நமக்குத் தெரிய வந்தது.

ஆகவே, தேர்வா செயல்திட்டமா என்பது உண்மையான வழக்கு என்று நாம் கருதவில்லை. இரண்டிலும் ஆசிரியர் காணாததற்குச் சாட்சி சொல்ல இடமிருக்கிறது. செயல்திட்டத்தில் அதிகமாகவே இருக்கிறது. ஏனெனில் அது முடிந்த பொருளாக நம் மேசைக்கு வருகிறது, செய்த கை கூடவே வருவதில்லை. 2022-ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான சாட்ஜிபிடியைத் தொடர்ந்து, கேட்ட நொடியில் கட்டுரை வரைந்து தரும் கணினி நிரல்கள் பெருகிவிட்டன. கடைத்தெருக் கணினிக்காரரிடம் செல்லும் சிரமமும் இப்பொழுது பிள்ளைக்கு இல்லை.

நம் முன்னோர் இதற்கொரு வழி வைத்திருந்தனர். ஹதீஸ் நூல்களின் பழைய ஏட்டுப் பிரதிகளின் ஓரத்திலும் இறுதியிலும் 'ஸமாஉ' என்னும் கேள்விக் குறிப்புகள் உண்டு. திமிஷ்கு நகரில் 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் எழுதப்பட்டவை ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. இந்நூலை இன்னார் முன்னிலையில், இன்ன இடத்தில், இன்ன நாள்களில் இன்னார் வாசிக்க, இன்னின்னார் கேட்டனர் என்று அவை கூறும். ஓர் அமர்வுக்கு வராதவர் எந்தப் பகுதியைத் தவறவிட்டார் என்பதையும் குறிக்கும். உட்கார்ந்தபடியே உறங்கியவரைக் கூடச் சில குறிப்புகள் விட்டுவைக்கவில்லை! எத்தனைக்கு எத்தனை என்ற எண் எதுவும் அங்கில்லை. கண்டதும் கேட்டதும் மட்டுமே உண்டு. அதை நம்பித்தான் அடுத்த தலைமுறை அம்மாணவரிடம் பாடம் கேட்டது.

அவ்வழியை நம் வகுப்புக்கு ஏற்றவாறு சுருக்கிக்கொண்டோம். செயல்திட்டத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதில்லை; தேடுவது வீட்டில், எழுதுவது வகுப்பில். அடித்துத் திருத்திய முதற்படியையும் சேர்த்தே வாங்குகிறோம். அட்டை கூடாது. பின்னர் ஒவ்வொரு பிள்ளையும் நம் எதிரில் பத்து நிமிடம் அமர்ந்து தன் வேலையைச் சொல்லவேண்டும். தடுமாறினால் எண்ணைக் குறைத்து அனுப்பிவிடுவதில்லை. போய் மீண்டும் செய்து வா என்கிறோம். சரிவரத் தொழாத ஒருவரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மும்முறை திரும்பத் தொழுமாறு அனுப்பி, "இதைவிட நன்றாக எனக்குத் தெரியாது, கற்றுத் தாருங்கள்" என்று அவரே கேட்ட பின் பொறுமையாகக் கற்பித்ததை ஓதியவர்தாமே நாம்? ஓதிய பாடம் மேசைக்கு வந்து சேர இத்தனை ஆண்டுகள் ஆயிற்று.

இது எளிதன்று. 48 பிள்ளைகளுக்குப் பத்துப் பத்து நிமிடம் என்றால் 480 நிமிடம். நாற்பது நிமிடப் பாடவேளைகள் பன்னிரண்டு. இரண்டு வாரத் தமிழ்ப் பாடவேளை அதிலேயே போய்விடும். மற்றப் பிள்ளைகள் அவ்வேளையில் அமைதியாக எழுதிக்கொண்டிருப்பார்கள் என்று நம்புகிறவர் எட்டாம் வகுப்பைக் கண்டவரல்லர். பாடம் முடியவில்லை என்று மேலிடத்தில் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயமும் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறைதான் நம்மால் இது இயலுகிறது. எஞ்சிய நாள்களில் மற்றவரைப் போலவே தாள் திருத்துகிறோம், சற்றுக் கூடுதலான தயக்கத்துடன்.

சென்ற ஆண்டு ஒரு மாணவிக்குப் பதிவேட்டு எண்ணோடு ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தோம். தன் பாட்டனாரின் கடிதத்தில் பதினொரு வரிகளை நம் முன் வாசித்தாள். பன்னிரண்டாம் வரியில் இரண்டு சொற்களில் தடுமாறினாள். அடுத்த வாரம் வந்து அவற்றையும் வாசித்தாள். 'ழ' ஒலிக்குரிய எழுத்தை இன்னும் மாற்றி எழுதுகிறாள். இவற்றை நாம் கேட்டோம், கண்டோம் என்று நாளிட்டுக் கையொப்பமிட்டோம். மாலையில் அவள் வாப்பா சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிவாசல் வாயிலில் நம்மை நிறுத்தினார். "எல்லாம் சரி ஆலிம்சா, இதில் மார்க் எங்கே?" என்றார். அது பதிவேட்டில் இருக்கிறது, 8 என்றோம். "எட்டுதானா?" என்றவர் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இரண்டு எட்டு வைத்தவர் நின்று, மீண்டும் அதை எடுத்துப் பிரித்து, அந்தப் பன்னிரண்டாம் வரி என்ன வரி என்று கேட்டார். தம் தந்தையாரின் அக்கடிதத்தை அவர் ஒருநாளும் வாசித்ததில்லை.