தானமும் தலைமையும்



பௌர்ணமி நன்னாளாகிய இன்று பஞ்சசீலம் ஏற்று அமர்ந்திருக்கும் உங்கள் முன், தானத்தைக் குறித்துச் சில சொல்ல முன்வந்துள்ளோம். தானம் செய்யுங்கள் என்று உங்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இத்தீவுகளைச் சூறையாடியபோது, நிக்கோபார்த் தீவுகளிலிருந்து உடுத்த துணியோடு வந்திறங்கியோர்க்குச் சோறு வடித்த கைகள் இவ்வவையில் பல உள. ஆயினும், உடற்குறை உற்றாராகிய மாற்றுத்திறனாளிகளுக்கு நாம் செய்யும் தானம் முழுமையானதா என்பதே இன்று யாம் எழுப்பும் வினா. முதற்கண் எமது குற்றத்தைச் சொல்லிவிட்டே தொடங்குகிறோம்.

யாம் மர அறுவை ஆலையொன்றில் கூலி வேலை செய்த காலத்தில், எம்மோடு உழைத்த தோழர் ஒருவரின் வலக்கையை வாள் கொண்டுபோயிற்று. தொழிலாளர் அனைவரும் கூலியில் ஒரு பகுதி சேர்த்தோம். அதை வைத்திருக்கும் பொறுப்பு எமக்கு வந்தது. வாரந்தோறும் அரிசியும் பருப்பும் வாங்கி அவர் வீட்டில் இறக்கினோம். ஒருநாள் அவர் எம்மிடம் வந்து, "அண்ணே, இந்த மாதம் அரிசி வேண்டாம். கப்பல் கூலி கொடுங்கள். கண் தெரியாத தம்பி ஒருவனும், போலியோவால் கால் இழந்த அக்கா ஒருத்தியும் வேறு தீவுகளில் இருக்கிறார்கள். மூவரும் போர்ட் பிளேரில் கூடிச் சங்கம் வைக்கப் போகிறோம். சான்றிதழ் கொடுக்கும் மருத்துவர்கள் எங்கள் தீவுக்கே வரவேண்டும் என்று மனுக் கொடுப்போம்" என்றார். யாமோ, "வயிற்றுக்குக் கொடுத்த காசு ஊர் சுற்றுவதற்கு அன்று" என்று மறுத்தோம். கப்பல் அவரின்றியே புறப்பட்டது. அவர் சினந்தாரில்லை. "சோறு போட்டீர்கள் அண்ணே. நாங்கள் யாரோடு கூடவேண்டும் என்பதையும் நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள்" என்று மட்டும் சொன்னார். அச்சொல் இன்றளவும் எம் நெஞ்சில் தைத்து நிற்கின்றது.

பின்னர் தம்மத்தைக் கற்கத் தொடங்கியபோது குஜ்ஜுத்தரையின் வரலாற்றைக் கண்டோம். கோசாம்பி நகரத்து உதயண மன்னனின் தேவி சாமாவதிக்கு அவள் அடிமைப்பெண். கூன் விழுந்த உடலினள். பூ வாங்க நாள்தோறும் எட்டு நாணயம் பெற்று, நான்குக்குப் பூ வாங்கி, நான்கைத் தனக்கென ஒளித்துவந்தாள். ஒருநாள் பகவன் புத்தரின் அறவுரை கேட்டுத் தெளிந்து, எட்டு நாணயத்திற்கும் பூ வாங்கிச் சென்று, உற்றதை ஒளியாமல் உரைத்தாள். தேவி என்ன செய்தாள்? நான்கு நாணயத்திற்குக் கணக்குக் கேட்டு அடித்தாளா? இல்லை. கூனியை உயர்ந்த ஆசனத்தில் அமர்த்தித் தானும் தன் பெண்டிரும் கீழமர்ந்து அறங்கேட்டாள். ஏவல் வேலையினின்று அவளை விடுவித்து, நாள்தோறும் பகவனிடம் சென்று கேட்டுவந்து எமக்கு உரைப்பாயாக என வேண்டினாள். கேள்வியறிவில் சிறந்த உபாசிகை எனப் பகவனே அவளைப் போற்றினார்.

அன்பர்களே, இங்கு நடந்தது யாது? சாமாவதி குஜ்ஜுத்தரைக்குச் சோறு மட்டும் இட்டாளில்லை; ஓய்வும், போக்குவரவும், ஆசனமும் தந்தாள். ஆசனத்தில் அமர்ந்தபின் இன்னது பேசு என்று கட்டளையிடவும் இல்லை. தானத்தின் உயர்நிலை இதுவன்றோ!

"அவரவர் முற்பிறவி வினை, நாம் என் செய்வது?" என்பார் நம்முள்ளும் உளர். மோளிய சீவகன் என்னும் துறவி, மாந்தர் நுகர்வன யாவும் முன்வினைப் பயனே எனச் சிலர் கூறுவது மெய்யோ எனப் பகவனை வினவினான். பகவன் அதனை ஏற்றாரில்லை. பித்தம், சிலேட்டுமம், வாதம், இவை மூன்றின் கூட்டு, பருவ மாறுபாடு, தகாத நடத்தை, பிறர் தாக்குதல் எனக் காரணங்களை அடுக்கி, வினையை எட்டனுள் ஒன்றாகவே வைத்தார். எம் தோழர் கையை அறுத்தது முற்பிறவியன்று. காப்பு இல்லாத வாள். பிறப்பைக் காட்டி நம்மை வாயிலில் நிறுத்திய அதே வாதத்தை உதறிவிட்டு வந்த நாம், அதனை எடுத்து ஊனமுற்றார்மேல் எறியலாமோ?

மணிமேகலைக் காப்பியத்தில் வரும் ஆபுத்திரனை நினைமின். பார்வையற்றார்க்கும், செவி கேளாதார்க்கும், கால் முடப்பட்டார்க்கும் மதுரையில் சோறிட்ட அப்பெருமகன், அமுதசுரபியோடு கப்பலேறினான். இடையில் மணிபல்லவத் தீவில் இறங்க, அவனை அறியாது கப்பல் சென்றுவிட்டது. வற்றாத பாத்திரம் கையிலிருந்தும், உண்பார் இல்லாத் தீவில் அதனால் பயன் விளையவில்லை. கொடுப்பவனையும் பெறுவோரையும் சேர்ப்பது கப்பல். சோற்றுக்குக் காசு தந்த யாம் கப்பலுக்குக் காசு மறுத்தோம்!

தீவு வாழ்வில் இது வெறும் உவமையன்று. தென்கோடியில் உள்ள பெரிய நிக்கோபாரிலிருந்து தலைநகராகிய போர்ட் பிளேருக்கு, 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்ற அந்நகருக்கு, கடல் கடந்து வரவேண்டும். வழக்குத் தொடுப்பதாயின் கல்கத்தா உயர்நீதிமன்றத்தின் அமர்வு அந்நகரில்தான் கூடுகின்றது. சக்கர நாற்காலியில் இருப்பவர்க்குத் துணையாள் ஒருவர் வேண்டும்; அவருக்கும் கூலியும் சோறும் வேண்டும். சட்டம் நன்றே உள்ளது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, அரசுப் பணியில் 4 விழுக்காடு ஒதுக்கீடு தருகின்றது. ஆனால் ஏட்டில் உள்ள உரிமை தானே நடந்து வீடு வாராது. கூடிக் கேட்பார்க்கே அது கிட்டும்.

கேட்டுப் பெற்றோர் வரலாறு காண்மின். சக்கர நாற்காலியில் இயங்கிய ஜாவேத் அபிதி முதலியோர் 1995 டிசம்பரில் தில்லி வீதியில் திரண்டனர்; அம்மாதமே இந்நாட்டின் முதல் மாற்றுத்திறனாளிகள் சட்டம் நிறைவேறியது. அவரே உச்சநீதிமன்றம் ஏறி, கடுமையான உடலியக்கக் குறையுடையார்க்கும் விமானக் கட்டணச் சலுகை கிடைக்க 1998இல் வழிசெய்தார். தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சங்கங்கள் உதவித்தொகைக்காகப் பலமுறை மறியல் செய்து கைதாயினர். 2025இல் அவர்களை உள்ளாட்சி மன்றங்களில் நியமன உறுப்பினராக்கும் மசோதாக்களை அம்மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றியது.

அமெரிக்க நாட்டில் 1977இல் ஜூடித் ஹியூமன் முதலான மாற்றுத்திறனாளிகள் சான் பிரான்சிஸ்கோவில் அரசுக் கட்டடம் புகுந்து மூன்று வாரங்களுக்கு மேல் அமர்ந்து போராடினர். அவர்களுக்குச் சுடுசோறு கொண்டுவந்தவர் யார்? தாமே ஒடுக்கப்பட்ட கறுப்பின மக்களின் கருஞ்சிறுத்தைக் கட்சியினர். அவர்கள் போராட்டத்தின் தலைமையைக் கேட்டாரில்லை. நிற்பார் நிலைத்து நிற்க உணவு தந்தனர். சோறும் உரிமையும் பகையல்ல என்பதற்கு இதுவே சான்று. 2008இல் தொடங்கிய மாற்றுத்திறனாளர் உரிமை நிதியம் என்னும் உலக அமைப்பும் அவர்தம் சங்கங்களுக்கே பொருள் தந்து, யாருக்குத் தருவது என்னும் முடிவிலும் அவர்களையே பங்குகொள்ளச் செய்கின்றது.

"பணத்தை வீணாக்கிவிட்டால்?" என்பீர். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சாக்கிய பௌத்த சங்கம் நிறுவியபோது, 1907இல் ஒரு பைசா விலையில் இதழ் தொடங்கியபோது, நம் முன்னோரையும் இவ்வாறே உலகம் ஐயுற்றது. கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளரோ ஐயுறாது துணைநின்றனர். நமக்குத் தேவைப்பட்ட நம்பிக்கையை நாம் பிறர்க்கு மறுப்பது நீதியாகாது. கணக்குக் கேட்கலாம், எல்லாச் சங்கத்தாரிடமும் கேட்பதுபோல் கேட்கலாம். ஆனால் கணக்குக் கேட்பது வேறு, கடிவாளம் பிடிப்பது வேறு.

ஆகவே யாம் வேண்டுவன இவை. பௌர்ணமி உண்டியலில் நான்கில் ஒரு பங்கை, இத்தீவுகளின் மாற்றுத்திறனாளிகள் தாமே நடத்தும் சங்கத்திற்கு ஒதுக்குவோம். ஒருநாள் விழாவோடு நில்லாமல் மூன்றாண்டு இடைவிடாது தருவோம். கப்பல் கூலிக்கோ, துணையாள் படிக்கோ, சைகை மொழி பெயர்ப்பார் ஊதியத்திற்கோ, வழக்குச் செலவிற்கோ, எதற்கென்பதை அவர்களே முடிவு செய்வாராக. கொடுக்கும்போது நிழற்படம் எடுக்க வேண்டா. நம் விகாரையின் படிக்கட்டருகே சாய்தளம் ஒன்றும் அமைப்போம். அடுத்த பௌர்ணமியில் அவர்களுள் ஒருவர் இவ்வாசனத்தில் அமர்ந்து பேச, யாம் கீழமர்ந்து கேட்போம்.

எம் தோழர் இன்றும் உயிரோடிருக்கின்றார். சென்ற வாரம் அவர் வீட்டுக்குச் சென்று, அன்று மறுத்த கப்பல் கூலியை அவர் இடக்கையில் வைத்தோம். எண்ணிப் பார்த்து, "இது மூவருக்குப் போதாதே அண்ணே. இப்போது பதினோரு பேர் இருக்கிறோம்" என்றார்.

மீதியை நாம் எல்லோரும் சேர்ந்து தருவோமாக.

நமோ புத்தாய!