பத்து நாள் பாலம்

கல்லூரி திறந்ததும் முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு குறுகிய காலப் படிப்பு நடத்துகிறோம். பாலப் படிப்பு என்று பெயர். பள்ளியில் தமிழில் படித்தவர்களை ஆங்கிலத்தில் நடக்கும் பொறியியல் வகுப்புக்குத் தயார் செய்வது நோக்கம். பத்து நாட்கள். அதில் இயற்பியல் எடுப்பவன் நான்.

இந்த ஆண்டு, ஸ்பீடுக்கும் வெலாசிட்டிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். ஆங்கிலத்தில்தான் கேட்டேன். கடைசி வரிசைப் பையன் ஒருவன் எழுந்து நின்றான், பேசவில்லை. என் தாளில் அவன் பெயருக்கு எதிரே 'அடிப்படை போதாது' என்று குறித்தேன். வகுப்பு முடிந்ததும் அவனே வந்தான்.

"வெலாசிட்டின்னா திசைவேகமா சார்?"

ஆமாம் என்றேன்.

"அப்ப அதுக்குத் திசையும் உண்டு சார். வட்டத்துல ஒரே வேகத்துல சுத்தினாலும் திசைவேகம் மாறிக்கிட்டே இருக்கும். அதனாலதான் முடுக்கம் வருது."

நான் கேட்டதற்கு மேலேயே சொல்லிவிட்டான். அவனிடம் இல்லாதிருந்தது ஒரு ஆங்கிலப் பெயர் மட்டுமே. அதை நான் அறிவின்மை என்று எழுதியிருந்தேன். அந்தத் தமிழ்ச் சொல்லுக்குள்ளேயே வரையறை இருக்கிறது என்பது இத்தனை ஆண்டுகள் பாடம் எடுத்த எனக்கு அன்றுதான் உறைத்தது. பாலம் என்றால் இரு பக்கமும் நடக்க வேண்டும். நாங்கள் அவர்களை வரச் சொன்னோம். ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை.

வேலை ஆங்கிலத்தில்தானே கிடைக்கிறது என்பார் நண்பர். மறுக்கவில்லை. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடவியலையும் இயந்திரவியலையும் தமிழில் தொடங்கியது. பயிற்று மொழி பற்றிய அந்த வாதம் பெரியது. என் பிரச்னை சிறியது: அளக்கிறவனின் தர்மம் பற்றியது.

1978இல் மேல்நிலைக் கல்வி வரும்வரை பள்ளிக்கும் பட்டப் படிப்புக்கும் நடுவே பி.யு.சி. இருந்தது. அதில் ஆங்கிலம் தடுக்கி விழுந்தவர்கள் உண்டு. அதைக் கருணை மிக்க ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். ஆனால் கல்லூரிக்குள் தடுமாற ஓராண்டு கிடைத்தது. இப்போது பத்து நாட்களும் ஒரு சான்றிதழும். சான்றிதழ் யாருக்கு என்று யோசிக்கிறேன். பாலம் போட்டாயிற்று என்று நிறுவனம் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறது. அதன் பிறகு தோற்பவன் தன் குற்றத்தாலேயே தோற்றவனாகிறான். பொறுப்பு கைமாறிவிடுகிறது, கைமாற்றிக் கொடுக்கும் கை என்னுடையது.

படிப்பையே நிறுத்திவிடலாமா? அப்போது அவர்களுக்கு அந்தப் பத்து நாட்களும் இல்லை. ஆகவே அடுத்த ஆண்டும் எடுப்பேன். கேள்வியை முதலில் தமிழில் கேட்பேன். தெரியாததையும் பெயர் தெரியாததையும் தனித்தனிப் பத்தியில் குறிப்பேன். இது போதாது என்று எனக்கே தெரிகிறது.

அந்தப் பையனின் பெயருக்கு எதிரே இருந்ததை அடித்துவிட்டேன். அவன் வந்து கேட்டதால் அடித்தேன். கேட்க வராமல் போனவர்களின் பெயர்களுக்கு எதிரே நான் எழுதியவை, இத்தனை ஆண்டுகளாக, அலுவலகக் கோப்பில் இருக்கின்றன.