நூறு அலைவரிசையும் மனநிறைவும்
செயற்கைக்கோள் வானொலி என்பது, தரைக்கோபுரங்களின் எல்லைக்குக் கட்டுப்படாமல் விண்ணிலிருந்தே காருக்கு ஒலியை அனுப்பும் கட்டணச் சேவையாகும். அமெரிக்காவில் 2001-இல் எக்ஸ்எம் நிறுவனமும் அடுத்த ஆண்டு சிரியஸ் நிறுவனமும் இதைத் தொடங்கி, ஏறத்தாழ நூறு அலைவரிசைகளை ஓட்டுநரின் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தபோது, கேட்பவரின் குறை தீருமென்றே எதிர்பார்க்கப்பட்டது.

ஆனால், அந்தக் குறை தீரக்கூடியதா என்பது ஆசையின் தன்மையைப் பொறுத்தது. கிரேக்க மெய்யியலாளர் எபிகியூரஸ், ஆசைகளை இயற்கையானவையும் இன்றியமையாதவையும், இயற்கையானவையாயினும் இன்றியமையாதவை அல்லாதவை, வெற்று ஆசைகள் என மூன்றாகப் பகுத்து, வெற்று ஆசைகளுக்கு வரம்பில்லை என்றார். நெவாடாப் பாலைவனச் சாலையில் உள்ளூர் நிலையம் இரைச்சலாகத் தேய்ந்த பின்னும், தனித்துச் செல்லும் லாரி ஓட்டுநருக்குத் துணைநிற்கும் குரல் வெற்று ஆசையின் பாற்பட்டதன்று. தோழமையை எபிகியூரஸே பெரிதும் போற்றியவர். ஆனால், நகர நெரிசலில் நிற்பவர் ஒரு பாட்டு முடியுமுன்னே பொத்தானை அழுத்தி, அடுத்ததில் இதைவிட நல்லது இருக்கக்கூடுமென்று தாவிக்கொண்டே இருக்கும்போது, அவர் தேடுவது பாட்டை அன்று, தேர்வை மட்டுமே.

சுரங்கப்பாதையில் சிக்னல் அறுபடுவதும், இலவசக் காலம் முடிந்ததும் சந்தா கேட்கப்படுவதும் மெய்யான குறைகளே; அவற்றைப் பொறியாளரும் வணிகரும் சரிசெய்யலாம். எக்ஸ்எம், சிரியஸ் ஆகிய இரு நிறுவனங்களும் 2008-இல் ஒன்றாக இணைந்த பின்னரும், அந்தத் தாவலுக்கு மருந்து எந்தச் சந்தாவிலும் சேர்க்கப்படவில்லை.